மிதவைக்குப் போட்ட மாலை

செப்டம்பர் 10, ஞாயிறு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பேசினால் சிரிக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். மகள் புத்தாண்டுக்கு அனுப்பிய டைரி எட்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. மிச்சப் பக்கங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்று சங்கப் பொதுக்குழு. பவழமல்லி குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஆறு பேர் வந்தது கார் நிறுத்தும் இடத்துச் சண்டைக்காக. நான் கேட்டது ஒன்றே ஒன்று. பின்கதவுக்கு வெளியே ஓடும் ஓடையில் தண்ணீர் ஏறினால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சைரன். மூன்று வருடத்துக்கு முன் ஏரி நிரம்பி வழிந்தபோது அந்த ஓடை வழியாகத்தான் வெள்ளம் வந்து ஏ பிளாக் தரைத்தளத்தில் இடுப்பளவு நின்றது. ஓடை ததும்பியதற்கும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்கும் இடையில் முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த முக்கால் மணி நேரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

செயலாளர் மகாலிங்கம் மைக்கை வாங்கினார். பத்தொன்பது பேருக்கு அவருக்கு மைக் வேண்டும்.

"சார், போன வருஷம் பூகம்பம்னீங்க. அதுக்கு முந்தின வருஷம் ஒரு மாசம் கரன்ட் இருக்காதுன்னீங்க. இந்த வருஷம் என்ன, பிரளயமா?"

"பிரளயம் வந்தா நேரா சார் வீட்டுக்குப் போயிடலாம். அரிசி, பருப்பு, மெழுகுவத்தி, எல்லாம் அங்கதான் இருக்கு" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"கதவத் தொறப்பாரான்னு முதல்ல கேட்டுக்குங்க."

சிரிப்பு. ஏ பிளாக் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் கிரேஸ் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. எழுபத்துநான்கு வயது. நான்கு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேர் பின்னால் ஓடை.

"சிரிக்கிறவங்க எல்லாம் மாடியில இருக்கறவங்க. எனக்கு அந்த சைரன் வேணும்" என்றார்.

ஓட்டெடுப்பில் தோற்றேன். சங்கம் செய்யாவிட்டால் நானே செய்வேன். இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலைகளுக்கு நீர்மட்டம் காட்டும் கருவிகள் செய்தவன் நான். என் வரைபடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட மேலாளர் இப்போது அந்தக் கம்பெனியின் இயக்குநர். எனக்குக் கொடுத்தது விருப்ப ஓய்வுக் கடிதம். விருப்பம் யாருடையது என்று அதில் இல்லை.

இன்னொன்றும் இங்கே பதிவாகட்டும். மூன்று வருடத்துக்கு முன், வெள்ளம் வடிந்து பத்தாம் நாள், அறிவிப்புப் பலகையில் ஒரு மொட்டைக் கடுதாசி ஒட்டியிருந்தது. "ஊரைப் பயமுறுத்திப் பெரிய மனுஷன் ஆகப் பார்ப்பவரை நம்பாதீர்கள். அவருக்கு வேண்டியது நம் பாதுகாப்பு அல்ல. ஒரு மாலையும் கைதட்டலும்தான்." கையெழுத்து இல்லை. கிழித்தெடுத்து இன்றுவரை வைத்திருக்கிறேன். பராமரிப்புப் பதிவேட்டில் எல்லார் எழுத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். யார் என்று தெரியவில்லை. பெயர் போடத் துணிவில்லாத கோழை என்பது மட்டும் தெரியும்.

செப்டம்பர் 13, புதன்

சேமிப்பு அறையைச் சரிபார்த்தேன். அரிசியில் வண்டு இல்லை, வேப்பிலை மாற்றினேன். இரண்டு மாதத்துக்குக் குறையாமல் தாங்கும். தண்ணீர் டிரம் நான்கையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தேன். மண்ணெண்ணெய் அடுப்புக்குப் புதுத் திரி. மனைவி வசுமதிக்கு மூட்டு வலி மாத்திரை ஆறு மாதத்துக்கு.

வசுமதி வங்கியிலிருந்து வந்ததும் அறையை எட்டிப் பார்த்தாள். "உங்க குடோன்ல எலி மருந்து வச்சீங்களா?"

"வச்சாச்சு."

"கதவுக்குப் பின்னாடி என்ன பேப்பர்?"

அது பட்டியல். நிலைமை முற்றினால் யாருக்குக் கதவைத் திறப்பது என்ற வரிசை. ஒரு வாரம் லாரித் தண்ணீரும் பாலும் கரன்ட்டும் நின்றால் இந்த நாற்பத்தெட்டு வீடும் நாற்பத்தெட்டு நாடாகிவிடும். அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது. இப்போதே யோசித்துவிட்டேன். முதல் பெயர் கிரேஸ் டீச்சர். மகாலிங்கத்தின் பெயரை எழுதி அடித்திருக்கிறேன். எழுதாமல் விட்டால் மறந்துவிட்டதாக ஆகிவிடும்.

வசுமதி படித்துவிட்டு, "நான் எத்தனாவது?" என்றாள். பதில் சொல்வதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

கருவியை நட்டாயிற்று. உதவிக்கு வந்தது காவலாளி எத்திராஜ் மட்டும். திண்டிவனம் பக்கத்துக்காரன், ஐம்பத்தெட்டு வயது, ஏ பிளாக் படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறையில் மனைவி பவுனோடு ஒன்பது வருடமாக இருக்கிறான்.

கருவி எளிது. ஓடைக் கரையில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தோடு சேர்த்து நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் குழாய். அடியில் தண்ணீர் நுழைய ஓட்டைகள். குழாய்க்குள் ஒரு மிதவை. மிதவையின் தலையில் மெல்லிய அலுமினியக் கம்பி. அது குழாய்க்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் ஏற மிதவை ஏறும், மிதவை ஏறக் கம்பி ஏறும். ஒரு சாண் ஏறினால் கம்பத்து உச்சியில் உள்ள விசையைத் தொடும். அங்கிருந்து ஒயர் மதிலைத் தாண்டி ஏ பிளாக் படிக்கட்டடிக்கு வருகிறது. பாட்டரி, சுவிட்ச் அங்கே. சைரன் மொட்டை மாடியில்.

"அவ்ளோதானா சார்?" என்றான் எத்திராஜ். "எங்க ஊட்டு கக்கூஸ் டேங்குலகூட இப்டித்தான் ஒரு பந்து கீது."

"அதேதான். கம்பி ஏறணும், எறங்கணும். நடுவுல எதுவும் தடுக்கக் கூடாது. தினமும் காலையில ஒருதரம் தூக்கிப் பார். இலை, குச்சி இருந்தா எடுத்துடு."

"சரி சார். கம்பி ஏறணும், எறங்கணும்."

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லிக்கொடுத்தேன்: முதல் வேலை, படிக்கட்டடியில் உள்ள எல்லாச் சுவிட்சையும் அணைப்பது. திருப்பிச் சொல்ல வைத்தேன். சரியாகச் சொன்னான்.

அக்டோபர் 1, ஞாயிறு

ஒத்திகை. வந்தவர்கள் நான்கு பேர்: நான், எத்திராஜ், பவுனு, கிரேஸ் டீச்சர். எத்திராஜ் தாங்கிப் பிடிக்க, டீச்சர் கட்டிலிலிருந்து முதல் மாடி வரை ஏறப் பதினொரு நிமிடம். முக்கால் மணி நேரத்தில் பதினொரு நிமிடம் ஒன்றுமில்லை. சத்தம் கேட்டால் போதும்.

"என்னை ஏத்துறதுக்குள்ள எத்திராஜுக்கு மூச்சு வாங்குது. அவரை ஏத்த யாரு வர்றது?" என்றார் டீச்சர்.

"அவர நான் தள்ளிகினு வந்துடறேன்மா" என்றாள் பவுனு.

மற்ற நாற்பத்தாறு வீடுகளிலும் தொலைக்காட்சியில் கிரிக்கெட். பால்கனியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். எதற்கு என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

பொய்ச் சத்தம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சைரன் மூன்று நிமிடம் அலறியது. ஓர் ஓணான் விசையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மகாலிங்கம் கையில் சோற்றோடு இறங்கி வந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. எத்திராஜிடம் கத்தினார்.

"இன்னொரு தடவை இது கத்துச்சு, நீ சுவிட்ச அணைச்சிட்டு வந்து என்கிட்ட சொல்லு. புரியுதா?"

"இன்ஜினியர் சாரு அணைக்கக் கூடாதுன்னாரு சார்."

"சம்பளம் யார் குடுக்கறது, அவரா?"

பிறகு நான் எத்திராஜைக் கூப்பிட்டு, எவன் சொன்னாலும் அணைக்காதே என்றேன். தலையாட்டினான். விசைக்கு ஒரு தகர மூடி போட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

கயிறு, டார்ச், விசில். எல்லாம் சரி.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வசுமதிக்காகக் கீழே போனேன். லிஃப்ட் மோட்டார், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், ஸ்கூட்டர்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்தார்கள். கார்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

எல்லாம் முடிந்ததும் மகாலிங்கம் ஒரு பெரிய சாமந்தி மாலையைத் தூக்கிக் காட்டி, "ஒரு ஆயுதத்தை மறந்துட்டோம். நம்ம இன்ஜினியர் சார் செஞ்சது. அதுக்கும் பூஜை பண்ணுவோம்" என்றார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. எல்லாரும் பின்கதவு வழியாக ஓடைக் கரைக்கு வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. கருவிக்கும் மாலை போட்டார்கள். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். யாரோ ஒரு பெண், "நிஜமாவே இது வேலை செய்யுமா அங்கிள்?" என்று கேட்டாள், விளக்கினேன். கூட்டம் கலைய நேரமாகிவிட்டது.

படத்தைக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் மகாலிங்கமே போட்டிருக்கிறார். இதுவரை இருபத்தாறு பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

அக்டோபர் 24, செவ்வாய்

காலை எட்டு மணி. விடியற்காலையிலிருந்து நல்ல மழை. எத்திராஜ் வந்து ஒரு விஷயம் கேட்டான். சாயங்காலம் வரை இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

வசுமதி வடைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 25, புதன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் குடியிருப்பே தூங்கிக்கொண்டிருந்தது. விடுமுறை, வடை, பாயசம், மழை. இரண்டே முக்கால் மணிக்குக் கீழே கார் ஒன்றின் திருட்டு அலாரம் அடித்தது. எட்டிப் பார்த்தேன். காரின் கதவுப் பாதி வரை தண்ணீர்.

சைரன் அடிக்கவில்லை.

இரண்டிரண்டு படியாக இறங்கினேன். படிக்கட்டடியில் முழங்கால் அளவு. எத்திராஜ் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு டீச்சர் வீட்டு மாற்றுச் சாவியோடு ஓடினான். நானும் ஓடினேன். கதவு தண்ணீரின் எடையில் திறக்கவில்லை. இருவரும் தோள் கொடுத்தோம். உள்ளே ஊன்றுகோல் தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்தது. டீச்சர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தலையை மேலே வைத்துக்கொண்டிருந்தார். வாய் ஓரத்தில் அழுக்குத் தண்ணீர்.

"இடுப்பு போச்சு எத்திராஜ், இழுக்காத."

எத்திராஜ் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். கால்களை நான் தாங்கினேன். முதல் மாடிக்குப் போகப் பதினொரு நிமிடம் ஆகவில்லை. அவர் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தீயணைப்புத் துறைப் படகு ஆறு மணிக்கு வந்து டீச்சரை அழைத்துப்போனது. இடுப்பு எலும்பு முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

தரைத்தளக்காரர்கள் எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். நான் என் கதவைத் திறந்துவிட்டேன். முப்பத்தொரு பேர். வசுமதியும் பவுனும் மண்ணெண்ணெய் அடுப்பில் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். டிரம் தண்ணீர், மெழுகுவத்தி, மாத்திரை, எல்லாம் பயன்பட்டது. மகாலிங்கம் நனைந்த வேட்டியோடு என் கோப்பையில் டீ குடித்துக்கொண்டே சேமிப்பு அறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தார்.

"என் பேர் அடிச்சிருக்கே சார்?"

"அது பழைய பட்டியல்" என்றேன்.

அக்டோபர் 26, வியாழன்

தண்ணீர் வடிந்தது. காலையில் தனியாகப் போய்க் கருவியைக் கழுவி வைத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 28, சனி

அவசரக் கூட்டம். இன்று எழுபது பேருக்கு மேல். வெள்ளம் வந்தால்தான் கூட்டத்துக்கு ஆள் வருகிறது.

சைரன் ஏன் அடிக்கவில்லை என்பது ஒன்றுதான் பேச்சு. தண்ணீர் வடிந்தபோது படிக்கட்டடிச் சுவிட்ச் அணைந்திருந்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மகாலிங்கத்துக்கு அது போதும்.

"ஓணான் ஏறினதுக்கு நான் திட்டினேன். அதுலேருந்தே அணைச்சு வச்சிருக்கான்."

"இல்ல சார். தண்ணி உள்ள வந்த பொறவுதான் எல்லாத்தையும் அணைச்சேன். இன்ஜினியர் சாருதான் அப்டி சொல்லிக் குடுத்தாரு."

"சாக்கு சொல்லாத. ஒரு டீச்சர் படுத்த படுக்கையா கெடக்கறாங்க."

"சத்தியமா சார், நான் அதத் தொடவே இல்ல."

மகாலிங்கம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். உங்க மெஷின்ல கோளாறு உண்டா?"

"கருவியில் எந்தக் கோளாறும் இல்லை" என்றேன். அது உண்மை.

எத்திராஜ் என்னைப் பார்த்தான். நான் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் ஆறாம் தேதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம். அவனை அனுப்பிய ஏஜென்சிக்கும் எழுதிவிடுவார்களாம். சைரனை அணைத்துவிட்டுத் தூங்கியவன் என்று எழுதினால் இந்தப் பக்கத்தில் எந்தக் குடியிருப்பிலும் வேலை கிடைக்காது. அறை இல்லாமல் அவர்களுக்கு வீடும் கிடையாது.

இரண்டாவது தீர்மானம்: முப்பத்தொரு பேரைக் காப்பாற்றிய எனக்கு அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பொன்னாடை. கைதூக்கச் சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் தூக்கினார்கள்.

அக்டோபர் 30, திங்கள்

மருத்துவமனைக்குப் போனேன். டீச்சருக்கு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. தோஹாவிலிருந்து மகன் வந்திருக்கிறார். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். விடவில்லை.

"உக்காருங்க சார். மூணு வருஷமா மழை பெஞ்சா நான் படுக்கவே மாட்டேன், தெரியுமா? ஜன்னல் பக்கத்துல நாற்காலி போட்டு ஓடையையே பாத்துட்டு இருப்பேன். விடிய விடிய."

"தெரியாது டீச்சர்."

"அன்னைக்குத்தான் முதல் தடவையா படுத்தேன். சைரன் இருக்கே, சத்தம் வந்தா எழுந்துக்கலாம்னு தைரியமா தூங்கிட்டேன்." சிரித்தார். "பாவம், எத்திராஜை விரட்டறாங்களாமே? அவன் அணைக்கிற ஆள் இல்ல சார். நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா? நீங்க சொன்னா கேப்பாங்க."

பார்க்கிறேன் என்றேன்.

பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.

நவம்பர் 2, வியாழன்

படிக்கட்டடியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் ஊறிய பாயை உதறியபடி பவுனு என்னைப் பார்த்துவிட்டாள். தாண்டிப் போக முடியவில்லை.

"இன்னா சார், பொன்னாடைக்கு அளவு எடுத்துட்டாங்களா?"

"பவுனு, சும்மா கெட" என்றான் எத்திராஜ்.

"நான் ஏன் சும்மா கெடக்கணும்? பெரிய படிப்பு படிச்சவரு. கப்பலு, ஏரோபிளேனு எல்லாம் செய்வாரு. ஒரு பூமால நாரு அவுக்கத் தெரியல."

நான் எத்திராஜைப் பார்த்தேன். அவன் அடுப்பைச் சாக்கில் போட்டுக் கட்டியபடி, நிமிராமல் சொன்னான்.

"அன்னிக்கிக் காலையில நீங்க அத அறுத்துப் பையில போட்டுகினத நான் பாத்தேன் சார். கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

"கூட்டத்துல ஏன் சொல்லலை?"

முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். "நான் சொன்னா சாக்கு சார். நீங்க சொன்னாதான் அது வெவரம்."

பவுனு பாயை மீண்டும் ஓங்கி உதறினாள். என் சட்டையில் சேறு தெறித்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 4, சனி

இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மற்றவர்கள் செய்ததெல்லாம் தேதி, நேரம், ஆள் எண்ணிக்கையோடு இருக்கிறது. நான் செய்த இடங்களில் ஒரு வரி, அரை வரி. கருவிகள் செய்தவன் இப்படிப் பதிவு வைக்கக் கூடாது. விட்டுப்போனவற்றை எழுதுகிறேன்.

அக்டோபர் 23: "கருவிக்கும் மாலை போட்டார்கள்" என்று எழுதியிருக்கிறேன். போட்டது நான். மகாலிங்கம் மாலையை என் கையில் கொடுத்தார். கம்பம் மெல்லியது, மாலை வழுக்கிக் கீழே இறங்கியது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கும்போது அது கீழே கிடக்கக் கூடாது என்று, கம்பத்தையும் குழாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அலுமினியக் கம்பியையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, வாழைநாரால் இறுக்கி முடிச்சுப் போட்டேன். கம்பி ஏறணும், எறங்கணும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அந்த நேரத்தில் நான் கம்பியைப் பார்க்கவில்லை. கைதட்டியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 24, காலை எட்டு மணி: எத்திராஜ் வந்து கேட்டது இது. "சார், மாலைய அவுத்துடட்டுமா? கம்பியும் சேந்து கட்டிகினு கீது. தூக்கிப் பாத்தேன், ஏற மாட்டேங்குது." தினமும் காலையில் தூக்கிப் பார் என்று நான் சொன்னதை அவர் ஒரு நாளும் விட்டதில்லை. நான் சொன்ன பதில்: "பூஜையில் வைத்ததை மறுபூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது. சாயங்காலம் செயலாளர் இன்னொரு படம் எடுக்க வருகிறார். அதுவரை இருக்கட்டும்." மறுபூஜையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எனக்கு அந்த மாலை இன்னும் அரை நாள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 26, காலை: மழையில் ஊறிய மாலை கம்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. குழாய்க்குள் தண்ணீர் மேல்வரை ஏறி இறங்கிய சேற்றுக் கோடு தெரிந்தது. மிதவை முட்டி முட்டிப் பார்த்திருக்கும். அலுமினியக் கம்பி வில்லாக வளைந்திருந்தது. ஒரு சாண் ஏறினால் போதும், ஏற முடியவில்லை. மாலையை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கம்பியை நிமிர்த்தினேன். குழாயைக் கழுவினேன். சேற்றுக் கோட்டையும் கழுவினேன்.

அக்டோபர் 28: கருவியில் கோளாறு இல்லை என்று சொன்னேன். கோளாறு என்னிடம் என்று சொல்லவில்லை.

எழுதி முடித்ததும் வசுமதியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு மைக் குடுப்பாங்க. அதுல சொல்லிடுங்களேன்."

"பேசினா சிரிப்பாங்க."

"இதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றாள். டைரியை மூடி என் கையில் கொடுத்தபடி, "அதுக்குத்தான் பயப்படறீங்க" என்றாள்.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் கடைத்தெருவில் இந்தப் பக்கங்களை நாற்பத்தெட்டுப் படி நகல் எடுத்தேன். நகல் கடைக்காரர், "என்ன சார், சங்கத்து வரவு செலவா?" என்றார். ஆமாம் என்றேன். நாற்பத்தொன்பதாவது ஒன்றும் எடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு நாளை மருத்துவமனைக்குப் போவேன். டீச்சரிடம் தபாலில் சொல்ல முடியாது.

ஒரு வரியையும் மாற்றவில்லை. மகாலிங்கத்தைப் பற்றி எழுதியதும் அப்படியே இருக்கிறது, அவர் படிக்கட்டும். பட்டியலைக் கதவிலிருந்து கிழித்துவிட்டேன். அது இல்லாமலே முப்பத்தொரு பேர் உள்ளே வந்தார்கள்.

ஒவ்வொரு படியிலும் கடைசிப் பக்கத்தின் அடியில் என் கோரிக்கைகளைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். கேட்பவை மூன்று. எத்திராஜ் நாளை காலி செய்யக் கூடாது. ஏஜென்சிக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். சைரன் அடிக்காததற்கு அவர் காரணம் இல்லை என்று கையொப்பத்தோடு இன்னொன்று அனுப்ப வேண்டும். சாயங்காலம் பொன்னாடை வேண்டாம். மழைக்காலம் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. புதுக் கம்பி வாங்கிவிட்டேன். செவ்வாய்க்குள் நட்டுவிடுவேன், ஒருவரும் பிடிக்க வராவிட்டாலும். அதில் ஒரு பூகூட வைக்கக் கூடாது.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன். கை போகவில்லை. காரணங்கள் யோசித்தேன். நல்ல காரணங்களே கிடைத்தன. ஆனால் இன்றைக்குக் காரணம் எழுதுவதில்லை என்று முடிவு.

டைரியின் பின்னுறையிலிருந்து அந்த மொட்டைக் கடுதாசியை எடுத்துப் படித்தேன். ஒரு மாலையும் கைதட்டலும்தான். மூன்று வருடம் எழுத்தை ஆராய்ந்தேன். எழுதியிருந்ததை ஒரு நாளும் ஆராயவில்லை. எழுதியவன் கோழைதான். அதில் மாற்றமில்லை. இனி இந்தக் குடியிருப்பில் அப்படி இரண்டு பேர்.

மணி பன்னிரண்டேகால். எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரம். படிக்கட்டடியில் நாற்பத்தெட்டுத் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. எதிரே எத்திராஜ் கட்டிவைத்த மூட்டைகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று போடுவேன். பெயர் போடாமல்தான் போடுகிறேன். மாலையைக் கட்டியவன் யார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. வாட்ஸாப்பில் அந்தப் படம் இன்னும் எல்லாரிடமும் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் முடிச்சும் தெரியும், அதைப் போடுகிறவன் சிரிப்பதும் தெரியும்.